மதுவும் தூக்க மாத்திரையும் குறைந்த அளவில் இருந்தும் மரணம் நேர்வது ஏன்?

உடற்கூறாய்வில் மதுவும் டயசிபாம் என்னும் தூக்க மாத்திரையும் தனித்தனியே கொல்லாத அளவிலேயே இருந்தும் ஒருவர் எப்படி இறக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே மூளையில் நரம்புச் செல்களில் சமிக்ஞையை ஏற்கும் காபா-ஏ என்னும் ஏற்பியின் வெவ்வேறு இடங்களில் செயல்பட்டு நரம்புகளை அடக்குவதால், ஒன்றின் விளைவை மற்றொன்று பெருக்கி, மூச்சை இயக்கும் மூளைத்தண்டு மந்தமாகிறது; நினைவிழந்தவர் வாந்தி எடுத்தால் அதை இருமி வெளியேற்றவும் இயலாமல் போகலாம். ஆகவே இந்த எண்களைத் தனித்தனியே படிப்பது பெரும் பிழை.

ரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். இறந்தபின் இரைப்பையிலிருந்து கசியும் மது இதய ரத்தத்தின் அளவை உயர்த்திவிடக்கூடும் என்பதால், தொடைச் சிரையிலிருந்து எடுத்து, நுண்ணுயிரிகளைத் தடுக்கும் சோடியம் ஃபுளூரைடு இட்ட குப்பியில் அடைப்பார்கள். அழுகும் உடலில் நுண்ணுயிரிகளே மதுவை உண்டாக்கும். குடிக்காதவருக்குக் குடிகாரர் என்ற பெயர் வந்துவிடக் கூடாது அல்லவா? கண்ணுக்குள் இருக்கும் கூழில் அந்த நுண்ணுயிரிகள் எளிதில் நுழைவதில்லை. அதனால்தான் ஊசியால் அதில் ஓரிரு மில்லிலிட்டரை உறிஞ்சி, ரத்தத்தின் அளவோடு ஒப்பிடுகிறார்கள்.