போர்வெல் யார் பாகத்தில் நிற்கிறது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம். 1987-ல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது கிணற்றையும் அதைச் சுற்றி 6 சென்ட்டையும் பொதுவில் விட்டார்கள். ஆளுக்கு இரண்டு நாள் முறைத் தண்ணீர். மோட்டாருக்கான கரண்ட் சர்வீஸ் பெரியப்பா பெயரில். போன வருடம் பெரியப்பா மகன் கிணற்றுக்கு முப்பது அடி தள்ளி 850 அடிக்கு போர் போட்டார். ஆறு மாதத்தில் கிணறு வற்றி, என் தக்காளி காய்ந்துவிட்டது. தண்ணீர் கேட்டால், "உன் பங்கு கிணத்துலதான்" என்கிறார். அந்தக் கிணறு வெட்டும்போது வயிற்றுப் பிள்ளையோடு மண் சுமந்தவர் என் அம்மா. என் மகள் கல்யாணத்துக்கும் அவர்கள் வரவில்லை. போரை மூட வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா மண் சுமந்ததைப் படித்தபோது மனசு கனத்தது. ஆனால் வழக்குக்கு அது உதவாது. கல்யாணத்துக்கு வராததும் அப்படித்தான். உங்கள் வழக்கு "முப்பது அடி தள்ளி" என்ற மூன்று வார்த்தையில் இருக்கிறது.

6 சென்ட் என்றால் சுமார் 2,600 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 51 அடி. கிணறு நடுவில் இருந்தால் போர் அநேகமாகப் பொது இடத்தைத் தாண்டிவிடும், ஓரத்தில் இருந்தால் உள்ளேயே விழலாம். சர்வேயரை வைத்து அளந்தால்தான் தெரியும். உள்ளே என்றால் பொதுச் சொத்தில் போட்ட போர், அந்தத் தண்ணீரில் பங்கு கேட்க உங்களுக்கு வலுவான பாத்தியம் உண்டு. அவர் பாகத்தில் என்றால் போரை மூடச் சொல்லும் வழக்கு நிற்காது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவு, தன் நிலத்துக்கு அடியில் திட்டமான தடம் இல்லாமல் ஊறும் நீரை எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை கொடுக்கிறது. நாற்பது வருட அனுபவம் என்று வாதாடவும் வழியில்லை, 17-வது பிரிவு அதை அடைத்துவிட்டது. தமிழ்நாட்டின் 2003 நிலத்தடி நீர்ச் சட்டத்தைச் சிலர் சொல்வார்கள். அது 2013-லேயே ரத்தாகிவிட்டது.

கோபத்தில் அவருடைய ஃபியூஸைப் பிடுங்குவது, பைப்பை வெட்டுவது வேண்டாம். விவசாயத் தண்ணீரைக் குறைக்கும்படி சேதம் செய்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 326-ன்படி ஐந்து வருடம் வரை சிறை.

இதைவிட எனக்குப் பெரிய பயம், நீங்கள் சமாதானமாகப் போகிற விதத்தைப் பற்றித்தான். என்னிடம் ஒருவர் லேமினேட் செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். 20 ரூபாய் முத்திரைத் தாள். 'வாரத்தில் இரண்டு நாள் போர்த் தண்ணீர் பாத்தியம்' என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, பொதுக் கிணற்றில் தனக்கு இருந்த பங்கை அவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்தே விட்டுக்கொடுத்திருந்தார். ஒன்பது வருடம் தண்ணீர் ஒழுங்காக வந்தது. அப்புறம் போர்க்காரர் இறந்தார், மகன் நிலத்தை வெளியூர்க்காரருக்கு விற்றார். வாங்கியவர் வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் அந்தத் தாள் வரவில்லை. ஒரே நாளில் வால்வை அடைத்துவிட்டார். நிலத்தில் உரிமை கொடுக்கும் எழுத்தைப் பதிவு செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் பதிவுச் சட்டம் 49-வது பிரிவின்படி அந்த உரிமைக்கு அது சாட்சியமாகாது. விட்டுக்கொடுத்தது பதிவானது, வாங்கிக்கொண்டது பதிவாகவில்லை. அவருக்குக் கிணறும் போச்சு, போரும் போச்சு. இந்தத் தாளை வேறு வேறு கைகளில் பலமுறை பார்த்துவிட்டேன்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், அளவு எப்படி வந்தாலும் பேசி முடியுங்கள். உள்ளே வந்தால் பலத்தோடு பேசுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வழக்கு முடியும்வரை தக்காளி காத்திருக்காது. போர் செலவில் ஒரு பங்கு தருகிறேன், இரண்டு நாள் முறை கொடுங்கள் என்று கேளுங்கள். கிணற்று சர்வீஸையே போருக்கு மாற்றியிருக்கிறாரா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பாகப்பத்திரத்தில் அந்த சர்வீஸும் பொது என்று இருந்தால் பேச்சில் உங்கள் கை ஓங்கும்.

ஒப்புக்கொண்டால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இரண்டு பேரின் சர்வே எண்ணும், வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வரியும் பத்திரத்தில் இருக்கட்டும். வற்றிய கிணறுதானே என்று அதன் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சர்வேயர் வருகிற அன்று அண்ணனையும் கூப்பிடுங்கள். கல் நடும்போது அவரும் பக்கத்தில் நிற்கட்டும்.