மார்கழியில் புறாத்தீவுப் படகு ஓடுமா?

திருகோணமலைக்குப் போகிறவர்கள், நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவை நம்பி இரண்டு நாள் திட்டம் போடாதீர்கள். டிசம்பர் கடைசியில் நிலாவெளியிலிருந்து படகு கிடைப்பது அரிது. வாடைக்காற்று நேரே கரையை அடிக்கும். அலை குறைந்த நாளிலும் தண்ணீர் கலங்கி, பவளப்பாறை கண்ணுக்குத் தெரியாது. அறை பதிவதற்கு முன் விடுதிக்காரரிடம், "இந்தக் கிழமை படகு போனதா?" என்று கேளுங்கள். "போகும்" என்ற பதிலை நம்பவேண்டாம்.

தீவுக்கு வைத்திருந்த அரை நாளைத் திருகோணமலை நகரின் பிரெட்ரிக் கோட்டைக்குக் கொடுங்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களால் 1624இல் கட்டியது. பெரும்பாலானோர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்த கோயிலுக்கு நேரே ஏறிவிடுவார்கள். நீங்கள் கோட்டை வாசலில் நில்லுங்கள். நிலைக்கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் தெரியும். சாய்வெயிலில்தான் செதுக்கல் துலங்கும். பிறகு மான்களைப் பார்த்தபடி, இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவு வரை நடக்கலாம். மழைக்குப் பின் பாறை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பிள்ளைகள் கடலில் கால் நனைக்கக் கேட்டால் உப்புவெளி வேண்டாம், சீனன்குடாப் பக்கம் மார்பிள் கடற்கரைக்குப் போங்கள். குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு.

ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படை வளாகத்துக்குள் இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் போய் நிற்கவேண்டாம்.