சேசிஸில் வெல்டு வேண்டாம், போல்ட் போடுங்கள்

பொலீரோ பிக்கப் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, 6 மி.மீ. தகட்டுப் பம்பரை நேராக வெல்டு வைத்தேன், மன்னார்குடிப் பக்கம் வயல் தடத்தில் ஓட்டியதும் ஓரத்தில் விரிசல் என்கிறீர்கள். விரிசல் விடாமல் என்ன செய்யும்? அந்தத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, அத்தனையும் சக்கரத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் வெல்டு ஓரத்தையே ஆட்டுகிறது. விரிசல் மேலேயே திரும்ப வெல்டு அடித்தால் பக்கத்தில் விடும்.

கழற்றிவிடுங்கள். சேசிஸ் விரிசலை நல்ல ஆளிடம் தேய்த்துச் சரிசெய்யுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் வெல்டு. அப்புறம் கம்பெனி பம்பர் இருந்த ஓட்டைகளிலேயே 6 மி.மீ. பிராக்கெட், 8.8 கிரேடு (அதிக வலுவுள்ள) போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் ஆட்டத்தில் தளராது). பம்பர் முகப்புக்கு 3 மி.மீ. தகடே தாராளம். ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த மாதிரிப் பம்பரும் புல் பாரும் (முன்னால் மாட்டும் காப்புக் கம்பி) மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. போல்ட் என்றால் தஞ்சாவூர் ரோட்டில் ஏறும் முன் இதைக் கழற்றிக் கம்பெனி பம்பரை மாட்டிக்கொள்ளலாம்.