எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் ஏற வேண்டும்: நடுவில் ஒரு பகல்

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் வந்து, அன்றிரவு பத்து மணிவாக்கில் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லிக்கு என்னிடம் வருகிறார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. இரண்டு பெரிய பெட்டி, ஒரு பை. துணைக்கு யாரும் இல்லை. எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில்: சென்ட்ரலில் அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. எல்லா வெளியூர் பிளாட்பாரங்களும் ஒரே கூடத்தில் வந்து சேர்கின்றன. எந்தப் பிளாட்பாரத்திலிருந்து எதற்குப் போனாலும் தரையோடு தரையாக நடந்துவிடலாம். எழும்பூர் அப்படியில்லை. வண்டிகள் ஊடே ஓடும் நிலையம் என்பதால், நெல்லை எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நடைமேம்பாலம் ஏற வேண்டி வரலாம். போதாததற்கு அங்கே புனரமைப்பு வேலை வேறு நடக்கிறது. ஆகவே எழும்பூரில் இறங்கியதும் போர்ட்டரைக் கூப்பிட்டு, லிஃப்ட் வழியாக வாசல் வரை எனப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியைத் தலையில் ஏற்றும் முன்பே கூலியை முடித்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பேரம் பேச முடியாது.

கிளம்புவதற்கு முன் இரண்டு சீட்டையும் ஒருமுறை பாருங்கள். சென்ட்ரல் 2019 முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல். நிலையக் குறியீடு எம்ஏஎஸ். எழும்பூருக்கு எம்எஸ். ஒரே எழுத்துதான் வித்தியாசம்; இதில் கோட்டைவிட்டு நிலையம் மாறிப் போனவர்கள் ஏராளம். பணிகளை முன்னிட்டுச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆனால் பார்க்கிலிருந்து சென்ட்ரலுக்குச் சாலையைச் சுரங்கப்பாதையில் கடக்க வேண்டும், அதில் படிகள் உண்டு. இந்த முழங்காலோடு அந்த வழி வேண்டாம், டாக்ஸிதான்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். மெட்ரோவில் ஒரே நிலையம், லிஃப்டும் உண்டு. தனியாளாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு பெரிய பெட்டியை ஸ்கேனரில் தூக்கி வைத்து இறக்க உங்கள் அப்பாவால் முடியுமா என்று யோசியுங்கள். ஆட்டோ அல்லது டாக்ஸி என்றால் ஓட்டுநரிடம் ‘வெளியூர் வண்டி, மெயின் வாசல்’ என்று சொல்ல வேண்டும். வெறுமனே ‘சென்ட்ரல்’ என்றால் சில சமயம் இடப்பக்கம் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறக்கிவிடுவார்கள். அது கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் போகும் புறநகர் ரயில்களுக்கான இடம். மணிக்கூண்டு உள்ள சிவப்புக் கட்டடம்தான் நமக்கு வேண்டியது.

பகல் முழுவதையும் எங்கே கழிப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். வெயிட்டிங் ஹாலில் பதினான்கு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். சென்ட்ரல் நிலையத்திலேயே ரிட்டயரிங் ரூம், அதாவது பயணிகள் தங்கும் அறை இருக்கிறது. உறுதியான சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம். சீட்டுப் போட்ட கையோடு இதையும் பார்த்துவிடுங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் பக்கத்து லாட்ஜில் ஒரு பகல் அறை. பெட்டிகளை மட்டும் வைக்க க்ளோக் ரூம் உண்டு. பெட்டியில் பூட்டு இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜிப்பை மட்டும் இழுத்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். திருநெல்வேலி அல்வா, முறுக்கு எல்லாம் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டாம். எலிகளுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. தின்பண்டமெல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

இரவு எட்டரைக்கு மெயின் கூடத்தில் இருந்தால் போதும். பலகையில் வண்டியின் பெயரைத் தேடாமல் 12621 என்ற எண்ணைத் தேடச் சொல்லுங்கள். மொழி மாறி மாறி ஓடும், எண் மாறாது. பலகையில் பிளாட்பார எண்ணைப் போடும் முன் யாரோ சொன்னதை நம்பி உள்ளே போய் உட்கார வேண்டாம்.

படி இல்லைதான், நடை உண்டு. ஒரு ரயில் பெட்டியின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். இருபது பெட்டி தாண்டிய நீண்ட வண்டி அரை கிலோமீட்டருக்கு நிற்கும். கிளம்பும் வண்டியின் எஞ்சின் கூடத்துக்கு எதிர்க்கோடியில் இருக்கும். உங்கள் கோச் எஞ்சின் பக்கம் விழுந்தால் அந்தத் தூரம் முழுவதையும் நடக்க வேண்டும். முதல் நாளே கோச் வரிசையைச் செயலியில் பார்த்து, ‘வாசலிலிருந்து பதினேழாவது’ என்பது போல ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். தூரம் என்று தெரிந்தால் பேட்டரி கார் கேட்கலாம். நிலைய மேலாளர் அலுவலகத்தில் சக்கர நாற்காலியும் கேட்கலாம். ‘முதலில் ஏறிக்கொள்வோம், உள்ளேயே நடந்து போகலாம்’ என்ற யோசனை மட்டும் வேண்டாம். சாமான்களோடு, கோச்சுகளை இணைக்கும் வெஸ்டிபியூல் பத்தைத் தாண்டுவது வெளியே நடப்பதைவிட மோசம்.

சீட்டு ஆன்லைனில் எடுத்ததாக இருந்து, சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் இருவருமே வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ஏற முடியாது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் திருநெல்வேலியில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லிக் கேட்கலாம். எதிர் இருக்கைக்காரரிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரவு நேரத்தில் பக்கத்துப் பிளாட்பாரத்திலும் வண்டி நிற்கும். உட்கார்ந்ததும், பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுவதற்கு முன், எதிரில் இருப்பவரிடம் ‘இது டெல்லி வண்டிதானே?’ என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் பண்ணட்டும்.