சமையலறைக்கு ஐந்தொகை போட்டபோது

கேள்வி: மசாலாப் பொடி, வற்றல், தயிர், சோப்பு போன்றவற்றை வீட்டிலேயே செய்துகொண்டால் உண்மையில் பணம் மிச்சமாகுமா? எதில் இறங்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்:

மிச்சமாகும். ஆனால் எல்லோரும் சொல்கிற இடத்தில் ஆகாது. ஆர்ப்பாட்டமாகச் செய்கிற வேலைகளில் கிடைப்பது கொஞ்சம். யாரும் பேசாத சின்ன வேலைகளில்தான் பணம் நிற்கிறது. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை, நோட்டில் எழுதி வைத்துச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பியபோது சம்பளம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அந்த வருடம்தான் நோட்டுப் போட்டேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அன்றன்றைக்குச் சிட்டை (தினக் கணக்கு), அதிலிருந்து பேரேடு (தலைப்புவாரிக் கணக்கு), வருடக் கடைசியில் ஐந்தொகை (மொத்தக் கணக்கு) என்று பேசியே எங்களை வளர்த்தவர். அவர் கையெழுத்து எனக்கு வரவில்லை, அந்த வியாதி மட்டும் வந்திருக்கிறது. பொருளின் விலையோடு அரவைக் கூலி, பஸ் டிக்கெட், எரிவாயு, வீணாய்ப் போனது எல்லாவற்றையும் எழுதினால்தான் அது கணக்கு. "வீட்டில் செய்தால் பாதி விலைதான்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அரவைக் கூலியை எழுதுவதே இல்லை.

செட்டிநாட்டு வீடுகள் என்றதும் பர்மா தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த வீடுகளிலேயே, கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரைதான், ஆனால் தனி அடுப்பு. இன்னது இவ்வளவு என்று செலவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டியது புது மருமகளின் சாமர்த்தியம். எனவே வளவு வாசலில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பாயை விரித்து வற்றல் காயப்போட்ட ஆச்சிமார் யாரும் பொழுது போகாமல் அதைச் செய்யவில்லை.

முதலில் குழம்புத் தூள், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். மாசி, பங்குனியில் புது மிளகாய் வரும். எங்களுக்குப் பக்கத்திலேயே ராமநாதபுரம் குண்டு மிளகாய் விளைகிறது. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. குண்டு மிளகாய்க்கு வாசமும் காரமும் உண்டு, நிறம் போதாது. அதனால் நீட்டு மிளகாயையும் ஒரு பங்கு சேர்ப்போம். ஒரு வருடத்துக் கணக்கை அப்படியே தருகிறேன். குண்டு மிளகாய் 2 கிலோ 440 ரூபாய், நீட்டு மிளகாய் 1 கிலோ 200, மல்லி 3 கிலோ 360. சீரகம், சோம்பு, மிளகு, துவரம்பருப்பு, விரலி மஞ்சள் எல்லாம் சேர்த்து 290. அரவைக் கூலி 260. பஸ் 40. ஆக 1,590 ரூபாய். உள்ளே போனது 7 கிலோ. காம்பு கிள்ளி, வெயிலில் ஈரம் வற்றி, மில்லில் சிந்தியது போக வீட்டுக்கு வந்தது 6 கிலோ 200 கிராம். கிலோ ஏறக்குறைய 256 ரூபாய் ஆயிற்று. அதே தூளைக் கடையில் 200 கிராம் பாக்கெட்டாக வாங்கினால் அப்போது 90 ரூபாய், கிலோவுக்கு 450. வருடத்துக்கு 1,200 ரூபாய் மிச்சம்.

அதாவது மாதம் நூறு ரூபாய். இரண்டு நாள் மொட்டைமாடிக் காவல், அரை நாள் மில்லில் நிற்பது, அதற்கப்புறம் இரவெல்லாம் தும்மல், இவ்வளவுக்கும் சேர்த்து நூறு ரூபாய். ருசிக்காகச் செய்கிறேன் என்றால் நானும் உங்கள் கட்சி. பணத்துக்காக என்றால் இது முதல் வரிசையில் வராது.

செய்வதாக இருந்தால் மில்லில் இரண்டு விஷயம். கேழ்வரகோ கோதுமையோ அரைத்த கையோடு உங்களுடையதைப் போட விடாதீர்கள்; வேறு ஒருவர் மிளகாய் அரைத்து முடிக்கும்வரை காத்திருங்கள். அப்போதும் நம்முடையதில் முதல் இரண்டு கை விழுவது முந்தைய ஆளின் தூளோடு கலந்துதான் வரும். அதைத் தனியாகப் பிடித்து முதலில் தீர்த்துவிடலாம். இன்னொன்று, அரைத்த தூள் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து, பத்தே நாளில் கட்டி கட்டியாகிவிடும். பழைய வேட்டியில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் மூட வேண்டும். எங்கள் அப்பத்தா ஆறிய தூளில் நாலு கல் உப்பைப் போட்டு ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவார். நான் துணி கட்டுவதில்லை, உப்பை மட்டும் விடவில்லை.

இப்போது தயிர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினால் ஏறக்குறைய அரைக் கிலோ தயிர். அதே அளவு பாக்கெட் தயிருக்கும் பாலுக்கும் என் கணக்கில் 12 ரூபாய் வித்தியாசம். எங்கள் வீட்டில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அரைக் கிலோ ஆகும். மாதம் 180 ரூபாய். இரவு படுக்கப்போகும் முன் இரண்டு நிமிட வேலை. குழம்புத் தூளுக்காக நான் பட்ட பாட்டையும் இந்த இரண்டு நிமிடத்தையும் பேரேட்டில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்த அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இட்லி மாவு அதற்கும் மேலே. எங்கள் ஊருக்கு அருகே புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய. மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ள எங்கள் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்திருக்கிறோம். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 95 ரூபாய்க்குள் மூன்று கிலோ மாவு கிடைத்தது. கடை மாவு அப்போது கிலோ 50. வாரத்துக்கு 55 ரூபாய், அதாவது மாதம் 220. கிரைண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. இதற்காகப் புதிதாக வாங்கினால் முதலைத் திரும்ப எடுக்கவே வருடங்கள் ஆகும்.

புளி, வருடத்துக்கு ஒருமுறை. புளியம்பழத்தில் சதை பாதிக்குச் சற்று மேல்தான். மூன்றில் ஒரு பங்கு கொட்டை, மீதி ஓடும் நாரும். ஓடு மட்டும் நீக்கிய கொட்டைப்புளியை மாசிக் கடைசியில் 10 கிலோ 800 ரூபாய்க்கு வாங்கினேன். கொட்டை, நார் எடுத்தபின் 6 கிலோ. கிலோ 133 ரூபாய் விழுந்தது. சுத்தம் செய்த புளி அப்போது 200 ரூபாய். நானூறு ரூபாய் லாபம். ஆனால் கொட்டை எடுக்கத் தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அண்டை வீட்டு ஆச்சிகள் இருவரோடு முகப்பில் உட்கார்ந்து தட்டினால் ஒரு மத்தியானத்தில் முடியும். மூன்று குடும்பத்து வம்பும் தீரும். உப்பிட்டு ஒரு நாள் வெயில் காட்டிப் பீங்கான் ஜாடியிலோ மண் பானையிலோ அழுத்தி வைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது, புளி அரித்துவிடும்.

வற்றல், வடகத்தில் வெயில் இனாம், அதனால் லாபம் நன்றாகவே இருக்கிறது. அடித்து வீசிய காற்றுக்கு விழுந்த மாங்காயைக் கேட்டால் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். நறுக்கி உப்பில் பிரட்டிக் காயவைத்தால் மாவற்றல், ஐப்பசி மழையில் குழம்புக்கு ஆகும். மோர் மிளகாய்க்கு இரவு புளித்த தயிரில் ஊறல், பகலில் வெயில். தயிர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை மூன்று நான்கு நாள் இதே வேலை. கூழ் வடகத்தில் ஒரு எச்சரிக்கை: கூழைச் சுவைத்துப் பார்க்கும்போது உப்புக் குறைவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் வற்றியதும் அந்த உப்பெல்லாம் சின்ன வடகத்துக்குள் அடங்கிவிடும். நான் முதல் வருடம் கூழிலேயே சரியாகப் போட்டேன். பொரித்தபோது வாயில் வைக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் உப்புச் சரி, சித்திரையில் கோடை மழை. பாதி காய்ந்திருந்த வடகத்தை அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன். மறுநாள் காலை புளித்த வாடை. நாலு படி அரிசி மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. நோட்டில் அதுவும் இருக்கிறது.

எண்ணெயைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ அளவுக்குப் பருப்பு வேண்டும். நாமே பருப்பு வாங்கிச் செக்கில் ஆட்டினால், 'மரச்செக்கு' என்று எழுதிய பாட்டிலைவிடக் குறைவாக விழும், புண்ணாக்கும் கையில் வரும். ஆனால் சாதாரண பாக்கெட் எண்ணெயோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான். நாங்கள் ஆட்டுகிறோம். அதைச் சிக்கனம் என்ற தலைப்பில் எழுதுவதில்லை, ஆசை என்ற தலைப்பில்.

இனி சோப்பு. வலையில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து நானும் இறங்கினேன். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 175 கிராம் அளவு காஸ்டிக் சோடா. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றக் கூடாது என்று படித்திருந்தேன்; அதைச் சரியாகவே செய்தேன். பாத்திரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கையில் கிடைத்த அலுமினியச் சட்டியை எடுத்துவிட்டேன். போட்ட மறுகணம் சட்டியே கொதிப்பது போல நுரை கிளம்பியது. தண்ணீர் சாம்பல் நிறமானது, சட்டி கறுத்தது, மூக்கைச் சுட்ட புகை. புறவாசல் கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடினேன். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்னும்போது வருவது ஹைட்ரஜன், எளிதில் தீப்பிடிப்பது. நல்லவேளையாக அடுப்பு எரியவில்லை. எவர்சில்வரில் மறுபடி செய்தது ஒழுங்காகவே வந்தது. ஐந்து வாரம் காயவைத்து எடுத்தபோது ஒரு கட்டி 25 ரூபாய் அடக்கம். கடையில் அப்போது அதே விலைக்கு வாசனையோடு கிடைத்தது. போன சட்டி தனி. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

சோப்புக்குப் பதில் சீயக்காய் அரையுங்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ வெந்தயம், ஒரு கை பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தியும் கறிவேப்பிலையும் இருக்கிற அளவு. இதற்குத் தனி எந்திரம் உள்ள மில்லாகப் பார்த்துப் போக வேண்டும். பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், பித்தளைக்குக் குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கை. இவற்றுக்குக் கணக்கே வேண்டாம், செலவு என்று ஒன்று இருந்தால்தானே.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து 'இயற்கை கிளீனர்' செய்யச் சொல்வார்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரத்தன்மையும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் வேலை உண்டு. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள். அதில் கிளம்புவது குளோரின், நச்சு வாயு.

எனவே தயிரில் ஆரம்பியுங்கள். அப்புறம் இட்லி மாவு. மாசி வந்ததும் புளி. இந்த மூன்றும் ஒரு வருடம் கைக்குப் பழகிய பிறகு மிளகாய் மில்லுக்குப் போகலாமா என்று யோசியுங்கள். விலையெல்லாம் நான் எழுதிய அன்றைய விலை. உங்கள் ஊரில் மாறும்; கழித்துப் பார்க்கும் முறை மாறாது.

ஒன்றை மறைத்துவிட்டால் ஐயாவுக்குத் துரோகம் செய்ததாகும். என் ஐந்தொகையில் 'கொடுத்தது' என்று ஒரு பத்தி இருக்கிறது. வீட்டில் செய்தோம் என்று தெரிந்தால் சொந்தம் சும்மா இருக்காது. நமக்கும் கொடுக்காமல் இருக்க மனம் வராது. போன வருடம் 6 கிலோ 200 கிராம் தூளில் 2 கிலோ சென்னைக்கும் கோவைக்கும் போயிற்று, பார்சல் செலவு நம்முடையது. குழம்புத் தூளில் மிச்சமான 1,200 ரூபாயைக் காணவில்லை என்று தேடிப் பார்த்தேன். முக்கால்வாசி அந்தப் பத்தியில்தான் உட்கார்ந்திருந்தது. சென்ற வாரம் சென்னையில் இருக்கும் பெரியம்மா மகளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கழுவித் துடைத்த இரண்டு காலி டப்பாக்கள், கடிதம் எதுவும் இல்லை.