கால் நகச்சொத்தைக்கு மருந்து பூசியும் ஏன் சரியாகவில்லை?

பல மாதமாக மருந்து பூசியும் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து உதிர்கிறது, மாத்திரைக்குப் போகலாமா, மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே விரலில் இதே தொல்லை இருந்து சரியானது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். இப்படித் தடித்து நிறம் மாறும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய் இருந்தாலும், ஷூ இடித்துக்கொண்டே இருந்தாலும் நகம் அச்சு அசலாக அப்படித்தான் ஆகும். தோல் மருத்துவர் நகத்தை வெட்டி, அடியில் சேர்ந்திருக்கும் பொடியைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்புவார். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து சுரண்டி எடுப்பதுதான் பலன் தரும். நுனித் துண்டு மட்டும் போனால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். மருந்து பூசி வருவதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அதுவும் முடிவை மாற்றும்.

பூச்சு மருந்து வீண் என்று சொல்லமாட்டேன். நகத்தின் நுனிப் பக்கம் மட்டும் கெட்டிருந்தால் வாரம் ஒருமுறை பூசும் அமோரோல்ஃபின் உதவும், ஆனால் தடித்த பகுதியை அரத்தால் ராவிவிட்டுப் பூச வேண்டும். வேர் வரை போய்விட்டதென்றால் மாத்திரைதான். வழக்கமாக டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். நீங்களே கடையில் வாங்கிப் போடாதீர்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். வேறு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பலரும் மனம் விட்டுப்போவது இதற்கப்புறம்தான். மாத்திரை முடிந்த அன்றும் நகம் அசிங்கமாகவே இருக்கும். கெட்ட நகம் திரும்ப நல்லதாகாது; அடியிலிருந்து புதுசு வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். என் மருத்துவர் மஞ்சள் தொடங்கும் இடத்தில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவிட்டார். கோடு நுனியை நோக்கி நகர நகர, அதற்குப் பின்னால் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக ஒரு பட்டை தெரிந்தது. நீங்களும் நுனியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். மஞ்சள் நிறம் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், உடனே போய்க் காட்டுங்கள்.

மறுபடி வருவது சகஜம். பெரும்பாலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணிலிருந்துதான் நகத்துக்கு ஏறுகிறது, அதையும் சேர்த்துக் குணப்படுத்துங்கள். குளித்ததும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். சாக்ஸ் தினம் மாற்றுங்கள், ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் காயவிடுங்கள். நகவெட்டியைப் பொதுவில் வைக்க வேண்டாம். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவரும் சேர்ந்து வைத்தியம் செய்துகொள்ளட்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், காலில் சின்னப் புண்கூடப் பெரிதாகும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் அது பூஞ்சை விஷயமாக இல்லாமலும் இருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கும். அதை மட்டும் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.