ஜெபத்துக்காகத்தானே சொன்னேன், அது கோளா?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். தாராவியில நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் இருக்கோம். எதிர் ரூம் அக்கா காலையில தண்ணி பிடிக்கும்போது, கட்டிக்கொடுத்த பொண்ணு புருஷன் வீட்ல இருந்து கோவிச்சுக்கிட்டு வந்துட்டான்னு சொல்லி அழுதாங்க. மனசு கேக்காம வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துல அவங்க பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நாலு பேரு அவங்களையே போய் விசாரிச்சிருக்காங்க, சாயங்காலம் திருநெல்வேலில இருந்து சம்பந்தி போன் வந்துருச்சு. இப்ப என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறாங்க. நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, இது கோளாகுமா?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: தங்கச்சி, ஸ்தோத்திரம். உங்களுக்கு நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா நடந்தது கோள்தான்மா. பொய் சொன்னாத்தான் கோள்னு நாம நெனச்சுக்கிறோம், நீதிமொழிகள் 11:13 எடுத்துப் பாருங்க, "புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான்"னு இருக்கு, பொய்ங்கிற பேச்சே அங்க இல்ல.

எங்க அம்மாகிட்ட யாராவது இப்படி ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தா, முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டே, தலையைக்கூட நிமித்தாம, "இத வெளிய சொல்லலாமான்னு அவகிட்ட கேட்டியா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க, அதோட பேச்சு நின்னுரும். நீங்களும் கேட்டிருந்தா "வேணாம், நீ மட்டும் ஜெபம் பண்ணு"ன்னு சொல்லியிருப்பாங்கள்ல. பேர் சொல்லாம "ஒரு குடும்பத்துக்காக"ன்னு சொல்லியிருந்தாலும் ஒரே சால்ல, வரிசை ரூம்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு யாருன்னு தெரியாமலா போகும்?

அந்தப் பொண்ணை அங்க அடிச்சிருந்தா மட்டும் விஷயம் வேற, அதை மூடி வைக்கக்கூடாது, அவ சம்மதத்தோட போதகர்கிட்ட போங்க, 181 பெண்கள் ஹெல்ப்லைனுக்கு போன் போட கூட நில்லுங்க.

இப்ப செய்ய வேண்டியது. வரி வசூல் பண்ணிக்கிட்டிருந்த சகேயு, இயேசு ஆண்டவரைப் பாத்ததும் அழுதுட்டு சும்மா உக்காரல, அநியாயமா வாங்கினதை நாலத்தனையா திருப்பிக் குடுக்கிறேன்னு எழுந்து நின்னு சொன்னான், லூக்கா 19:8. பணத்தை எண்ணிக் குடுத்துரலாம், வார்த்தையை எப்படிக் குடுக்கிறதுன்னு நானே ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். போன வழியிலேயே திரும்பப் போறதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. வீட்டு ஜெபத்துல இருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், "அவங்களைக் கேக்காம சொல்லிட்டேன், தப்பு என்னோடது, இதோட விட்ருங்க"ன்னு நீங்களே சொல்லணும், வாய்ஸ் மெசேஜ்ல வேணாம், அது இன்னொரு சுத்து சுத்தும்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அந்த அக்காகிட்ட போகணும். யார் யார் முன்னாடி என்ன சொன்னீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, "ஜெபத்துக்காகத்தானே சொன்னேன்"ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது, அது வந்தா மன்னிப்பு கேட்டதாவே ஆகாது. தண்ணி பிடிக்கிற நேரத்துல போகாதீங்க, குடத்தோட நாலு பேர் நிப்பாங்க. மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும்போது தனியா போங்க, கதவைத் திறக்கலைன்னா மறுநாளும் போங்க.